துரைசானி கூண்டில் இருந்த பத்து நாள்

பூனைக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று என்னைக் கேட்காதவர்கள் திண்டிவனத்திலும் இல்லை, விழுப்புரத்திலும் இல்லை. கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல அப்போது எனக்குப் பொறுமை இருக்கவில்லை. இப்போது வீடு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. வயதான பூனையை வைத்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன். சிரிக்க வேண்டுமென்றால் இங்கேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

துரைசானி என் பூனையின் பெயர். உடம்பெல்லாம் வெள்ளை, நடையில் அத்தனை மிடுக்கு. என் கணவர் ஒரு மழைநாளில் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. அவர் காலமான பிறகு நான் திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. அந்த வீட்டிலிருந்து என்னோடு வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் இவளும்தான். அண்ணன் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், கணக்குப்பிள்ளை. அண்ணி பாக்கியத்துக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. போகாத கோயில் இல்லை. கடைசியில், யுத்தத்தால் அரிசியும் மண்ணெண்ணெயும் அரிதாகிப்போன அந்த வருஷம்தான் உண்டானார். இது நடந்தபோது அவருக்கு ஐந்தாம் மாதம்.

துரைசானிக்கு உடம்பு சரியில்லை என்பது ஒரே நாளில் தெரிந்த சங்கதி அல்ல. ஒரு வருஷமாகவே தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். கை கழுவும் செம்பு, மாட்டுத் தொட்டி, மழை தேங்கின குழி, எதையும் விடுவதில்லை. முதுகெலும்பு கையில் தட்டியது. நக்கி நக்கிப் பளபளவென்று வைத்திருந்த ரோமம் திரி திரியாக ஒட்டிக்கொண்டது. சுவரில் ஒரே தாவாக ஏறியவள், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். “வயசாயிடுச்சு” என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அதைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு எதையும் யோசிக்க வேண்டியதில்லை அல்லவா.

பிறகு வாயிலிருந்து எச்சில் ஒழுகத் தொடங்கியது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உதறுவாள். முன்னங்காலால் முகத்தைப் பிறாண்டிக்கொள்வாள். வெளிச்சத்துக்கு வராமல் நெல் குதிருக்குப் பின்னால் போய் முடங்கிக்கொண்டாள். நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, பசியோடு கிடக்கிறாளே என்று தயிர் சோற்றைப் பிசைந்து அண்ணி குதிருக்குப் பின்னால் கையை நீட்டியிருக்கிறார். துரைசானி கடித்துவிட்டாள். ஆள்காட்டி விரலின் அடியில் நன்றாகப் பல் இறங்கிவிட்டது.

சாயங்காலம் நான் வந்தபோது வீட்டில் தெருவே கூடியிருந்தது. கடிவாயில் யாரோ மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தார்கள். அண்ணி பாயில் சுருண்டு அழுதுகொண்டிருந்தார். எதிர்வீட்டம்மாள் எனக்கு விவரம் சொன்னாள்.

“வாயில நுரை தள்ளுது, வெளிச்சம் ஆவல, கூப்ட்டா வரல. வெறிதாம்மா, வேற இன்னா? உங்கண்ணன் நல்ல காரியம் பண்ணாரு. ஜல்தியா அனுப்பிட்டாரு.”

எங்கே அனுப்பினார் என்று கேட்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் பூனையைக் கொல்ல மாட்டார்கள். பூனையைக் கொன்ற பாவம் கழிய, பொன்னால் பூனை செய்து காசியில் தானம் கொடுக்க வேண்டும் என்பார்கள். பொன்னுக்கு யார் போவது? அதனால் வேண்டாத பூனையைச் சாக்கில் கட்டி, ஒரு வாய்க்காலோ ஏரியோ தாண்டிக் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவார்கள். தண்ணீர் தாண்டிவிட்டால் வழி தெரியாது, பாவமும் ஒட்டாது. அண்ணனும் அதைத்தான் செய்திருந்தார். மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு ஒலக்கூருக்குத் திரும்பிய மாட்டுவண்டியில் சாக்கை ஏற்றிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அண்ணன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் அண்ணியின் கையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

மூவரும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சுண்ணாம்பையெல்லாம் சோப்புத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவினார். கார்பாலிக் திராவகத்தைக் குச்சியில் தொட்டுக் கடிவாயைச் சுட்டார். அண்ணி என் தோளைப் பற்றியதில் ரவிக்கை கிழிந்தது. பிறகு டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணனைக் கேட்டார்.

“பூனை எங்க?”

“அத்த வுட்டாச்சுங்க. ஒலக்கூர் தாண்டி.”

டாக்டர் துடைப்பதை நிறுத்தினார். “ஏன் சார், பூனையில்லாம நான் எதை வச்சு முடிவு பண்றது?” என்றார்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன். வெறிநோயின் விஷம் எச்சிலில் இருக்கிறது. எச்சிலில் விஷம் ஏறிவிட்ட பிராணி பத்து நாளுக்கு மேல் உயிரோடு இருப்பதில்லை. கடித்த நாளிலிருந்து பத்து நாள் அது உயிரோடு இருந்துவிட்டால், கடித்தபோது விஷம் இல்லை என்று அர்த்தம். செத்துவிட்டாலோ காணாமல் போய்விட்டாலோ வெறி என்றே வைத்துக்கொண்டு வயிற்றில் பதினாலு ஊசி போட வேண்டும். நோய் வந்த பிறகு மருந்தே கிடையாது. சரி, ஊசியை இன்றைக்கே போட்டுவிடலாமே என்றால், அதில் எங்கோ ஒருவருக்குக் கை கால் விழுந்துபோவதும் உண்டு.

“வயித்துல குழந்தை இருக்கறப்ப போடக்கூடாதுன்னு இல்லம்மா. போட்டாகணும்னா போட்டுத்தான் ஆகணும். ஆனா பூனை கிடைச்சா, விழுப்புரம் மாட்டாஸ்பத்திரியில கூண்டுல வச்சுப் பாக்கச் சொல்றேன். ஏதாவது ஒரு குறி தெரிஞ்சா அன்னிக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம். கிடைக்கலைன்னா நாளைக்கே ஆரம்பிக்கிறோம்.”

அண்ணி தன் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “எனுக்கு ஊசி வேணாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

விடிந்ததும் அண்ணனும் நானும் குதிரைவண்டி பிடித்து ஒலக்கூர் போனோம். சாக்கை ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர் அதை அவிழ்த்த இடத்தைக் காட்டினார்: கேப்பைக் கொல்லை, மல்லாட்டைக் கொல்லை, அப்பால் பனைமரங்கள். அங்கே போய் எங்கே என்று தேடுவது? அண்ணன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, இவள் எங்கே விட்டாலும் தண்ணீரைத் தேடித்தானே போவாள் என்று. ஏற்றம் இறைக்கிற கிணறு எது என்று களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளையைக் கேட்டேன்.

“வெள்ளைப் பூனையா? தோ, வாய்க்காலாண்ட கீது பாரும்மா. நேத்துலேர்ந்து தண்ணி குடிச்சிக்கினே கீது. நாங்க கல்லு வுட்டாலும் எழுந்து போவல.”

வாய்க்கால் ஓரத்தில் ஈரமண்ணில் தாடையை வைத்துப் படுத்திருந்தாள். என் குரல் கேட்டுக் காதை மட்டும் திருப்பினாள். தொடக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்ததால், ஈரச்சாக்கை மேலே போட்டு அமுக்கிக் கூடையில் தள்ளி மூடினோம். வெறி வந்தது தண்ணீரைக் கண்டால் ஓடும் என்பார்களே, இவள் தண்ணீரிலேயே கிடக்கிறாளே! எனக்கு உயிர் திரும்பியது போல் இருந்தது. அண்ணன் முகமும் தெளிந்தது.

அந்தத் தெளிவு விழுப்புரம் போய்ச் சேரும்வரைதான். ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் கூட்டம். கூடையைக் காலுக்கடியில் வைத்து நின்றபடி போனோம். மாட்டாஸ்பத்திரியின் முன்னால் புளியமரத்தடியில் காளைகளும் எருமைகளும் கட்டியிருந்தன. கூடைக்குள் என்ன, கோழியா என்றார் ஒருவர். பூனை என்றேன். “காலம் போற போக்கு” என்று அவர் தன் காளையிடம் சொன்னார்.

மாட்டு டாக்டர் ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். கையில் தோலுறை மாட்டிக்கொண்டு அவளைக் கூண்டுக்கு மாற்றினார். தண்ணீர் குடிக்கிறாள் என்ற சேதியை நான் ஆசையாகச் சொன்னேன்.

“தண்ணிக்குப் பயப்படறது மனுஷனுக்குத்தாம்மா. பிராணிங்க வெறியிலயும் தண்ணியில வாய் வைக்கும். அத வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது. எச்சில் வடியுது, வயசு அதிகம், எதுவா வேணா இருக்கலாம். பாக்கணும். இதுல என்ன சங்கடம்னா, வெறியே இல்லாம கிழப்பூனை பட்டினியில செத்துட்டாலும் நான் வெறின்னுதான் எழுதியாகணும்.”

அதுவரை அவளைத் தேடுவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். இனிமேல்தான் கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. சாப்பிடாத கிழப்பூனையைப் பத்தாம் நாள்வரை சாகாமல் காப்பாற்ற வேண்டும். அண்ணியின் வயிறு அதில் இருக்கிறது. வேறு எதையும் நினைக்க முடியாமல் போயிற்று. பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி எழுதிப் போட்டுவிட்டு, ரயில்வே குடியிருப்பில் என்னோடு டிரெயினிங் படித்த சிநேகிதி வீட்டில் தங்கினேன். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் பாலும் மீன் வேகவைத்த தண்ணீரும் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். தன் பிள்ளைகளுக்கான பால் அது.

தினமும் கதவு திறக்கும் முன்பே போய் நிற்பேன். கூண்டு ஒரு கொட்டகையின் கோடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கண் முதலில் அவள் விலாவுக்குத்தான் போகும்: ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கினால்தான் நான் மூச்சு விடுவேன். பிறகு டாக்டர் சொல்லிக்கொடுத்த குறிகளைப் பார்ப்பேன். தாடை தொங்குகிறதா, பின்னங்கால் இழுக்கிறதா, கம்பியைக் கடிக்கிறாளா, குரல் மாறியிருக்கிறதா. இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொள்வேன். ஒருநாள் அவள் கொட்டாவி விட்டு வாயை மூடாமல் அப்படியே வைத்திருந்தாள். தாடை விழுந்துவிட்டது என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டர் காளையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் வருவதற்குள் அவள் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

கிழப்பூனையைப் பற்றி அந்த டாக்டரிடம் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பிடரித் தோலை இரண்டு விரலால் தூக்கி விட வேண்டும். நல்ல பூனைக்குச் சட்டென்று படியும்; உடம்பில் நீர் வற்றிய பூனைக்குக் கூடாரம் போல நிற்கும். அவளுக்கு நின்றது. அதைக் கூண்டுக்கு வெளியிலிருந்து இடுக்கியால் பிடித்துப் பார்த்தார். தோலுக்கடியில் ஊசியால் உப்புத் தண்ணீர் ஏற்றினார். கூண்டின் அடித்தட்டில் சேர்ந்த மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்; முட்டையின் வெள்ளைக்கரு வெந்தது போல அது வெளுத்துத் திரிந்தது. மூத்திரக்காய், அதாவது சிறுநீரகம், கெட்டிருக்கிறது, உடம்புச் சத்து அதில் ஒழுகிப் போகிறது, அதனால்தான் அவ்வளவு தாகம் என்றார்.

“வயசாச்சு, அதான் இளைக்குதுன்னு விட்டுட்டீங்க. வயசானா மெதுவா நடக்கும், அதிகமா தூங்கும். இப்படி இளைக்காதும்மா. இளைச்சா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.”

அண்ணன் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்கால வண்டியில் வருவார். கொட்டகை வாசலில் நின்று, “கீதா?” என்று, உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். கீது என்பேன். பிறகு அண்ணியின் சேதி சொல்வார். காலையில் எழுந்ததும் அண்ணி குடத்துக்குள் எட்டிப் பார்ப்பாராம், தண்ணீரைக் கண்டு தனக்குப் பயம் வருகிறதா என்று. வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் பல் விளக்கப் போவாராம். தெருவிலிருந்து ஆளுக்கொரு வேரைக் கொண்டுவந்து அரைத்துக் குடி என்கிறார்களாம். அதையெல்லாம் வாங்கி வாங்கிக் கொல்லையில் போட்டுக்கொண்டிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணனுக்கு லேசாகச் சிரிப்பு வரும்.

பாதி நாட்கள் கழிந்தபோது துரைசானி பாலையும் நிறுத்திவிட்டாள். தலை நிற்கவில்லை. வெறியாக இருந்தால் இதற்குள் கை கால் விழுந்திருக்கும், இது வாய்க்குள்ளே ஏதோ என்றார் டாக்டர். கூண்டை வெளிச்சத்தில் சாய்த்து உதட்டைக் கம்பியால் தூக்கிப் பார்த்தார். கீழ்த்தாடையின் கோடியில் ஒரு பல் பாதி உடைந்து, ஈறு வீங்கிக் கறுத்துச் சீழ் கோத்திருந்தது. அந்த நாற்றம் எனக்கே எட்டியது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் வந்திருந்தார். டாக்டர் இருவரையும் உட்காரச் சொன்னார்.

“பல்லைப் பிடுங்கினா சாப்பிடும். பிடுங்கலைன்னா ரெண்டு நாள் தாங்காது. மயக்க மருந்து குடுத்தா இந்த உடம்புக்கு அப்படியே போயிடும். மயக்காம பிடுங்கணும்னா ரெண்டு பேர் அசையாம பிடிக்கணும். எங்க ஆளு வர மாட்டேங்கறான், நான் அவனைத் தப்பு சொல்லமாட்டேன். வெறி இல்லைன்னு எனக்குத் தோணுது. தோணுதுன்னுதான் சொல்றேன். கடிபட்டா உங்களுக்கும் இதே கதைதான்.”

நான் பிடிக்கிறேன் என்றேன். ஒருவர் போதாதே என்றார் டாக்டர். நான் அண்ணனைப் பார்க்கவில்லை. அவரிடம் கேட்க எனக்கு நியாயம் இல்லை என்று நினைத்தேன். கடிபட்டவள் அவர் பெண்டாட்டி, பூனை என்னுடையது.

அண்ணன் எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “ஒடம்ப நான் புடிச்சிக்கறேன். தலைய நீ புடி. உங்கையில இருந்தாதான் அது கொஞ்சமாச்சும் சும்மா இருக்கும்.”

கோணியைக் கையில் சுற்றிக்கொண்டோம். அவளைச் சாக்கில் கழுத்துவரை கட்டி மேசையில் வைத்தோம். நான் கழுத்தையும் மேல்தாடையையும் பிடித்தேன். மண்டையோடு என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. அவ்வளவு சின்னதாக இருந்தது. டாக்டர் வாய்க்குள் மரக்கட்டையை நுழைத்தார். குறடு பல்லைக் கவ்வியதும் அவள் கத்தியதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒருமுறை கட்டை நழுவியது. பற்கள் என் கட்டைவிரல் கோணியில் பதிந்தன. அண்ணன் “கைய எடுத்துடாத, எடுத்துடாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை மேசையில் சொட்டியது. பல் வந்தது. பின்னாலேயே சீழும் இரத்தமும் வந்தன. அவள் துணி போலத் துவண்டுவிட்டாள்.

செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். டாக்டர் காதை நெஞ்சில் வைத்துக் கேட்டார். அத்தனை நேரம் கேட்டார். அண்ணன் கோணி சுற்றிய கைகளைக் கூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். “இருக்கு” என்றார் டாக்டர். என் கோணியைப் பிரித்துப் பார்த்தோம். தோலில் பல் படவில்லை.

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு மீன் தண்ணீரைக் கூண்டுக்குள் தள்ளினேன். முகர்ந்தாள். நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கினாள். நிறுத்திவிட்டு மறுபடி நக்கினாள். நான் கொட்டகைத் தரையில் சாணியென்றும் பாராமல் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் தூக்கை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தையும் ஊற்றினார்.

அதற்குப் பிறகும் நிம்மதி என்று சொல்ல முடியாது. நக்கியதைச் சில நாள் வாந்தி எடுத்தாள். ஒரு காலையில் உடம்பு சில்லிட்டுக் கிடந்தாள்; வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பொழுதைக் கழித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அவள் இருந்தாள். பத்தாம் நாள் கழிந்த மறுநாள் காலை அண்ணன் முதல் வண்டியிலேயே வந்துவிட்டார். டாக்டர் கூண்டைத் திறந்து தோலுறை இல்லாமல் வெறுங்கையால் அவளைத் தூக்கினார். அதற்குமேல் அவர் வாயால் வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னார்.

“வெறி இல்லை. உங்க வீட்டம்மாவுக்கு ஊசி வேண்டாம். நான் திண்டிவனத்துக்கு எழுதிடறேன்.”

அண்ணன் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டாக்டர் சற்றுப் பொறுத்து என்னிடம் திரும்பினார்.

“இனி இவளைப் பத்திச் சொல்லணும். மூத்திரக்காய் திரும்பாது. பக்குவமா பார்த்தா சில மாசம். உப்பில்லாம குடுக்கணும், தண்ணி எப்பவும் வைக்கணும், படுத்த இடத்துலயே அசிங்கம் பண்ணும். கர்ப்பிணி இருக்கற வீடு. வேணாம்னு நினைச்சீங்கன்னா இங்கயே வலிக்காம தூங்க வச்சிடலாம். அதுல பாவம் ஒண்ணும் இல்லம்மா.”

சோறு அண்ணனுடையது, வீடு அண்ணனுடையது. அண்ணிக்கு இனி இந்த முகத்தைப் பார்த்தாலே நடுக்கம் வரலாம். வைத்துக்கொள்கிறேன் என்று நான் எந்த உரிமையில் சொல்வது? தூங்க வையுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

“வேணாங்க டாக்டர். ஒருவாட்டி சாக்குல கட்டி அனுப்பனேன், போதும். எங்க வூட்ல ஒரு உசுரு வரப்போவுது. அத்த காப்பாத்த இது பத்து நாளு கூண்டுல கெடந்து உசுர புடிச்சிக்கினு இருந்துச்சு. எத்தினி மாசமோ, அத்தினி மாசமும் வூட்லயே இருக்கட்டும். சாவறதுன்னாலும் அங்கதான் சாவணும். எம்பொண்டாட்டியும் அதான் சொல்லி அனுப்பிச்சா.”

திரும்பும் வண்டியிலும் பட்டாளத்துக் கூட்டம். எனக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. அண்ணன் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு கதவருகில் நின்றார். வண்டி குலுங்கும்போதெல்லாம் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். அவர் படும் பாட்டைப் பார்த்து மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், கூடையைக் கீழே வையேன் தம்பி, யார் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்றார்.

“இல்லீங்க” என்றார் அண்ணன். “உள்ள எங்க வூட்டு ஆளு கீது.”